கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் கணக்கு டீச்சர்

ஜனவரி 4, 2024, வியாழன். மோஷி

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, மதியம் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கினேன். கூட வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் மலையேற வந்தவர்கள். கனமான பூட்ஸ், முதுகில் பெரிய பை. 5,895 மீட்டர் உயர மலையை விமானத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்று இடப்பக்க ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருந்தேன். ஒரே மேகம்.

நான் வந்தது வேறு வேலைக்கு. தென்காசிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் காலமெல்லாம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். டான்சானியாவின் வடக்கே, மராங்கு என்ற மலையூரில் உள்ள ஓர் அரசு இடைநிலைப் பள்ளியில் இந்த வருஷம் முதல் படிவத்துக்குக் கணக்கு எடுக்கப் போகிறேன். இடைநிலைப் பள்ளி இங்கே முதல் படிவத்தில் தொடங்கும். அதற்கு முன் ஏழு வருஷம் தொடக்கப் பள்ளி. ஆகவே முதல் படிவம் என்பது ஏறக்குறைய நம்முடைய எட்டாம் வகுப்பு. சம்பளம் கிடையாது. தங்குவதற்கு ஒரு வீட்டில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

இதுபோல வர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது விசா பற்றித்தான். சம்பளமில்லாத வேலையானாலும் சுற்றுலா விசாவில் வந்து பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது. தன்னார்வலர்களுக்கு 'சி' வகுப்பு வசிப்பு அனுமதி வேண்டும். என்னை அழைத்தவர்கள் விண்ணப்பித்து, அது வந்த பிறகுதான் டிக்கெட் எடுத்தேன். சான்றிதழ்கள், புகைப்படங்கள், கடிதங்கள் என்று மாதக்கணக்கில் இழுக்கும், பொறுமை வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள் என்பதால் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

இன்று இரவு மோஷியில் தங்கல். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 30 ஷில்லிங். இருக்கிற நோட்டுகளில் பெரியதே 10,000 ஷில்லிங்தான் என்பதால் கொஞ்சம் பணம் மாற்றினாலே பர்ஸ் மூடவில்லை.

ஜனவரி 5, வெள்ளி. மராங்கு

மோஷியிலிருந்து கென்ய எல்லைப் பக்கம் போகும் சாலையில் ஹீமோ வரை வந்து, அங்கே இடதுபுறம் திரும்பி மேலே ஏற வேண்டும். நான் வந்தது டாலாடாலாவில். ஷேர் வேன்தான்; இன்னும் ஒருவர் ஏற முடியும் என்று நடத்துனர் கடைசி வரை நம்புகிறார். கீழே சமவெளி வெயிலில் காய்ந்து கிடக்கிறது. திரும்பி ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று மாறுகிறது, இரண்டு பக்கமும் வாழை.

மலைச்சரிவில் வாழ்கிறவர்கள் சாகா மக்கள். வீட்டைச் சுற்றி அவர்கள் வைத்திருக்கும் தோட்டத்துக்குக் கிஹாம்பா என்று பெயர். மேலே உயர்ந்த மரங்கள், அதன் நிழலில் வாழை, வாழை நிழலில் காப்பி, தரையில் சேம்பும் கீரையும். மாடு தொழுவத்திலேயே நிற்கிறது. புல்லைக் கீழிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டு வருகிறார்கள். சாணி வாழைக்குப் போகிறது, வாழைமட்டை மாட்டுக்கு வருகிறது. மலை ஓடைகளிலிருந்து வெட்டிய பழைய வாய்க்கால்கள் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடுகின்றன. மடை திறக்கிற முறை யாருக்கு எப்போது என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்கள். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு இந்தப் பேச்சு நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பிள்ளைகள் டார் எஸ் ஸலாமில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கிருந்தாலும் மலைக்குத் திரும்பிவிடுவது சாகா வழக்கம். எல்லாரும் வந்திருந்து போன வாரம்தான் கிளம்பினார்களாம். வீடு வெறிச்சென்று இருக்கிறது, நீ வந்தது நல்லது என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 7, ஞாயிறு

காலை ஆறரைக்கு வெளியே வந்தால் மலை நிற்கிறது. பனி மூடிய கிபோ சிகரம் ஒருபக்கம், பல் பல்லாக உடைந்த மாவென்சி இன்னொரு பக்கம். ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் மூடிவிட்டது. வீட்டுக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

அவரோடு லுத்தரன் தேவாலயத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்தினார்கள். பிறகு சின்னப் பிள்ளைகள் வரிசையாக வந்து "ஷிகமூ" என்றார்கள். பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் அது; "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். நரைத்த தலைக்கு இந்த ஊரில் நல்ல மரியாதை. இளம் வயதில் வருகிற தன்னார்வலருக்குக் கிடைக்காத ஒரு தொடக்கம் எனக்குக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜனவரி 8, திங்கள். பள்ளி திறந்தது

நாடு முழுவதும் இன்று புதுக் கல்வியாண்டு. பள்ளி இருப்பது மேட்டில். ஏழு மணிக்கு முன்பே பிள்ளைகள் விளக்குமாறும் வாளியுமாக வளாகத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக முதல் படிவத்தில் சேர்கிறவர்கள் மண்வெட்டியும் கொண்டு வந்திருந்தார்கள். சேர்க்கைக் கடிதத்தில் கொடுத்த பட்டியலில் நோட்டு, சீருடையோடு மண்வெட்டியும் உண்டு. பள்ளிக்கென்று தோட்டம் இருக்கிறது. 1967இல் ஜூலியஸ் நியெரேரே முன்வைத்த தற்சார்புக் கல்விக் கொள்கையிலிருந்து வருகிற பழக்கம் இது. அவரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாட்டின் முதல் தலைவரை மக்கள் இன்றைக்கும் ம்வாலிமு, அதாவது ஆசிரியர், என்றே சொல்கிறார்கள். தலைமையாசிரியர் அறையில் அவர் படமும் இப்போதைய அதிபர் சாமியா சுலுஹு ஹசனின் படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன.

அணிவகுப்பு, கொடி, தேசிய கீதம். பிள்ளைகள் பாட்டை இரண்டு குரலாகப் பிரித்துப் பாடுகிறார்கள். சொல்லிக் கொடுத்தது போலத் தெரியவில்லை, தேவாலயப் பாடகர் குழுவிலிருந்தே பழகி வந்தது. உடம்பு சிலிர்த்தது.

ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு மேசை கொடுத்தார்கள், பாதி மேசை என்று சொல்வது சரி. பெண் ஆசிரியர்களை இங்கே 'மேடம்' என்கிறார்கள். நான் தமிழ்நாடு என்றதும் இயற்பியல் ஆசிரியர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சென்னை ஐஐடி ஸான்ஸிபாரில் கிளை திறந்திருக்கிறதே, அதில் சேர நம் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த வளாகம் போன நவம்பரில்தான் திறக்கப்பட்டது. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐஐடி. அதன் இயக்குநர் பிரீத்தி அகலாயம், ஐஐடி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியே விட்டார்.

பத்து மணிக்குக் கோப்பையில் ஊஜி, மக்காச்சோளக் கஞ்சி. மதியம் மகாண்டே. தோல் நீக்கிய சோளமும் பீன்ஸும் பெரிய இரும்பு அண்டாவில் விடியற்காலையிலிருந்து விறகில் வெந்தது. பிள்ளைகள் பையிலிருந்து அவரவர் பிளாஸ்டிக் தட்டையும் கரண்டியையும் எடுத்து, சட்டையில் ஒரு துடை துடைத்து, வரிசையில் நிற்கிறார்கள். 2016 ஜனவரியிலிருந்து நான்காம் படிவம் வரை அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் இந்தச் சோளமும் பீன்ஸும் பெற்றோர் தருவது. தர முடியாத வீட்டுப் பிள்ளையை என்ன செய்வது என்று ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் பேச்சு வருமாம். நம் ஊர்ச் சத்துணவை நினைத்துக்கொண்டேன். அரசே போடும் ஒரு வேளைச் சோறு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வரிசையில் நின்றபோது மறுபடி தோன்றியது.

ஜனவரி 9, செவ்வாய்

முதல் படிவம் 'பி' பிரிவு. அறுபதுக்கு மேல் பிள்ளைகள், ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். எல்லாருக்கும் ஒட்ட வெட்டிய தலை, பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இந்தப் பிரிவை என்னோடு சேர்ந்து எடுப்பவர் ஓர் இளைஞர், கல்லூரி முடித்துச் சில வருஷம்தான் ஆகிறது. நான் போன பிறகும் இந்த வகுப்பில் இருக்கப் போகிறவர் அவர்தான் என்பதால், தனியாக எடுக்க மாட்டேன், இருவரும் சேர்ந்தே எடுப்போம் என்று வருவதற்கு முன்பே தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தேன்.

தொடக்கப் பள்ளியில் ஏழு வருஷமும் எல்லாப் பாடமும் சுவாஹிலி மொழியில். முதல் படிவத்துக்குள் காலை வைத்ததும் எல்லாம் ஆங்கிலம். இந்த மாற்றத்துக்காக முதல் சில வாரங்கள் ஆங்கிலப் பயிற்சி உண்டு. கணக்கில் அந்த வாரங்களில் பழைய பாடத்தையே ஆங்கிலத்தில் திருப்புகிறோம்.

பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொல்லிப் போட்டேன். நோட்டுகளைச் சுற்றி வந்து பார்த்தால் நிறையப் பேர் ஆறில் ஐந்து என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். சிலர் ஐந்தில் இரண்டு. தென்காசியிலும் இதே விடைதான் வரும். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிடுவது. சரி, ஆறு எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. சரியான விடை எழுதியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சொல்லத் தெரியாதது தவறு செய்தது போல அவர்களுக்குத் தோன்றிவிட்டது, அது முகத்தில் தெரிந்தது.

இளைஞர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். அதே கேள்வியைச் சுவாஹிலியில் கேட்டார். இருபது கை.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நோட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து மூன்றாக மடித்தாள். பிரித்து, குறுக்கே இரண்டாக மடித்தாள். விரித்துக் காட்டியபோது ஆறு கட்டம். பாதி என்று மூன்று கட்டத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். மூன்றில் ஒன்று இரண்டு கட்டம் என்று தனியாகத் தொட்டுக் காட்டினாள். ஐந்து, ஆறில் ஐந்து. பேசியது முழுக்கச் சுவாஹிலி. எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும், ஆனால் அந்த விரல்கள் பேசியது ஒன்றுவிடாமல் புரிந்தது. ஐந்தில் இரண்டு எழுதிய பையன்கள் நோட்டைத் திருத்த ஆரம்பித்தார்கள். நான் சொல்லித் திருத்தவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும். இதை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இன்று மாலை முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 10, புதன்

இதே காட்சியை நான் நம் ஊரில் பார்த்திருக்கிறேன். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்தபோது, ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு ஆசையாக வந்து சேர்ந்த பிள்ளைகள். பின்னம் என்றால் பாய்ந்து பதில் சொன்னவர்கள் ஃபிராக்‌ஷன் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். கணக்கு வரவில்லை என்று அவர்களை எழுதிவைத்துவிட்டோம். வராமல் போனது கணக்கா என்ன?

இங்கே இது ஒரு நாட்டின் கேள்வி. 1967க்குப் பிறகு தொடக்கக் கல்வி முழுக்கச் சுவாஹிலிக்கு மாறியது. நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிகள் உள்ள நாட்டை ஒன்றாகப் பேச வைத்த பெரிய காரியம் அது. ஆனால் இடைநிலைக் கல்வி ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. 2014ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை மேலேயும் சுவாஹிலியைக் கொண்டுபோவது பற்றிப் பேசியது. வகுப்பறையில் இன்னும் ஆங்கிலம்தான், தேர்வுத்தாளும் ஆங்கிலம்தான். பெற்றோரிடம் கேட்டால் ஆங்கிலமே இருக்கட்டும் என்கிறார்கள், வேலைக்கு அது வேண்டும் என்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் பெற்றோர் சொல்லாததா?

கொள்கையை மாற்ற நான் வரவில்லை. நடக்கிற வகுப்பில் என்ன செய்யலாம் என்று இளைஞரும் நானும் மாலை வரை பேசினோம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு பத்தியாகச் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினோம். பெருக்கல், வகுத்தல், தொகுதி, பகுதி, முக்கோணம், செவ்வகம் எல்லாம் இடப்பக்கம் சுவாஹிலியில், வலப்பக்கம் ஆங்கிலத்தில். கையெழுத்து அவருடையது, படங்கள் என்னுடையவை. விதி ஒன்றுதான்: யோசிப்பதும் விளக்குவதும் எந்த மொழியிலும் இருக்கலாம், கடைசி வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

எனக்கும் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன். வருவதற்கு முன் படித்த சுவாஹிலி கடைக்குப் போகப் போதும், வகுப்புக்குப் போதாது. வீட்டுக்கார அம்மா தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுச் சரிசெய்கிறார். மணி சொல்வதை மட்டும் நான் சுலபமாகப் பிடித்துக்கொண்டேன். சூரியன் உதித்ததிலிருந்து கணக்கு. காலை 7 மணியை ஒரு மணி என்கிறார்கள். உதயாதி நாழிகை எண்ணிய ஊரிலிருந்து வந்தவளுக்கு இதில் என்ன சிரமம்!

ஜனவரி 11, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். காலையில் தாமதமாக வந்த பிள்ளைகளை வாசலில் முட்டி போட வைத்து, அன்றைய பொறுப்பு ஆசிரியர் பிரம்பால் அடித்தார். இது இங்கே சட்டத்துக்கு உட்பட்டது. 1979ஆம் ஆண்டு விதிகள் தலைமையாசிரியரோ அவர் அனுமதி பெற்றவரோ அடிக்கலாம் என்கின்றன. அதிகபட்சம் நான்கு அடி. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடை செய்தது. சட்டம் வந்த பிறகும் நம் பள்ளிகளில் பிரம்பு மறைய வருஷங்கள் ஆயின என்பதும் உண்மை.

தாமதமாக வந்தவர்களில் மலைக்கு மேலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து வருகிற பிள்ளைகள் உண்டு. புல் அறுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள்.

நான் தலைமையாசிரியரிடம் போய் என் மனதில் இருப்பதைச் சொன்னேன். என் வகுப்பில் பிரம்பு இருக்காது, அடி வாங்க யாரையும் வெளியே அனுப்பவும் மாட்டேன், இதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. அறுபது பிள்ளைகளை எப்படி அடக்குவீர்கள் என்று உண்மையாகவே கேட்டார். ஒரு மாதம் பாருங்கள் என்றேன். சரி என்றார். வாசலில் நடப்பது நாளையும் நடக்கும். வெளியிலிருந்து வந்தவள் ஒரு வாரத்தில் அதை நிறுத்திவிட முடியாது. ஆனால் குழந்தையை அடிப்பது தப்பு, எந்த நாட்டிலும் தப்பு, கேட்கிறவரிடம் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதே பள்ளியில் மனதுக்கு ஆறுதலான ஒன்றும் உண்டு. பிள்ளை பெற்ற மாணவிகள் மறுபடி அரசுப் பள்ளிக்கு வர இந்த நாட்டில் முன்பு இடமில்லை. 2021 நவம்பரில் அரசு அதை மாற்றியது. அதைப் பற்றிய சுற்றறிக்கை ஆசிரியர் அறைச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஒரு மூத்த ஆசிரியை அதைக் காட்டி, "இது கிழிந்தால் நான் புதிதாக ஒட்டுவேன்" என்றார்.

ஜனவரி 12, வெள்ளி

விடுமுறை. ஸான்ஸிபார் புரட்சி நடந்து இன்றோடு 60 வருஷம். தொலைக்காட்சியில் அணிவகுப்பு காட்டினார்கள், நடுவில் மின்சாரம் போய்விட்டது. நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு நாளைக்கு எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இந்தப் பதிவை ஏற்ற மோஷிக்கு வந்தேன்.

கடைத்தெருவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கடையில் கடுகும் துவரம்பருப்பும் கிடைத்தது. சர்க்கரை மட்டும் இல்லை. மழை அதிகமாகி ஆலைகளில் உற்பத்தி குறைந்ததால் தட்டுப்பாடு. கிடைக்கிற இடத்திலும் விலை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் அம்மா டீயில் போடும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வெல்லம் கேட்டேன், உண்டு என்று எடுத்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்கு அது போதும்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

அரிசி மோஷிக்குக் கீழே பாசன வயலில் விளைந்தது. பால் தொழுவத்து மாட்டுடையது. ஏலக்காய் இந்த நாட்டிலேயே விளைகிறது. வெளிச் சமையலறையில் மூன்று கல் அடுப்பு. விறகு கொஞ்சம் ஈரம், புகைந்துகொண்டே இருந்தது. விடிவதற்கு முன் தொடங்கினேன். பால் பொங்கியபோது வீட்டுக்கார அம்மா பதறிப்போய்க் கரண்டியோடு ஓடி வந்தார். பொங்கத்தான் வேண்டும் அம்மா என்று அவரைத் தடுத்து நிறுத்திச் சொன்னேன். பிறகு அவர் நின்று கைதட்டினார். ஒரு பாத்திரம் பள்ளிக்குப் போனது. ஆசிரியர் அறையில் ஆளுக்கு இரண்டு கரண்டி வந்தது. இது அறுவடைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிற பண்டிகை என்றதும் அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஜனவரி 18, வியாழன்

நேற்று இரவு ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஐவரி கோஸ்டில் நடக்கும் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் டான்சானியா ஆடியது. 1980, 2019, இப்போது. மூன்றாவது முறைதான் இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள். மொராக்கோவிடம் 3-0 என்று தோல்வி. காலையில் வகுப்பே சோர்ந்திருந்தது.

இன்றைய பாடம் முழு எண்கள். எதிர்ம எண்ணை எண்கோட்டில் தொடங்க நினைத்திருந்தேன், அதை விட்டுவிட்டோம். இளைஞர் பலகையில் பிரிவுப் பட்டியலைப் போட்டார். மொராக்கோ, காங்கோ, ஸாம்பியா, டான்சானியா. காங்கோவும் ஸாம்பியாவும் 1-1 சமன். கோல் வித்தியாசம் என்ன? மொராக்கோவுக்கு கூட்டல் மூன்று. நடுவில் இரண்டு பூஜ்யம். டான்சானியாவுக்கு?

"கழித்தல் மூன்று!" என்று பின் பெஞ்சிலிருந்து கத்தினான் ஒரு பையன். அது ஆங்கிலத்தில் வந்தது, நாங்கள் கேட்காமலேயே. அடுத்த ஆட்டத்தில் இரண்டு கோலில் ஜெயித்தால் என்னவாகும், ஐந்து கோலில் ஜெயித்தால் என்னவாகும் என்று அவர்களே கேட்டு அவர்களே போட்டார்கள். சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்து ஒரே இரைச்சல். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒன்று நடந்தது. பேசவே பேசாத ஒரு பெண் கையைத் தூக்கினாள். நான்கு அணிகளின் கோல் வித்தியாசத்தையும் கூட்டினால் பூஜ்யம் வருகிறது, எப்போதும் அப்படித்தான் வருமா என்று கேட்டாள். ஏன் வருகிறது? பத்து நிமிஷம் விட்டுவிட்டோம். ஒரு அணி போட்ட கோல் இன்னொரு அணி வாங்கிய கோல்தானே என்று மூன்றாவது பெஞ்சு கண்டுபிடித்தது. அதை ஆங்கிலத்தில் எழுதத்தான் மீதி நேரம் ஆயிற்று. இலக்கணப் பிழை இருந்தது. கணக்கில் பிழை இல்லை. அந்த வாக்கியத்தைச் சுவரில் இருக்கும் தாளுக்குக் கீழே அப்படியே ஒட்டியிருக்கிறோம், கேள்வி கேட்டவளின் கையெழுத்தில்.

ஜனவரி 25, வியாழன்

நேற்று டான்சானியா காங்கோவோடு கோலின்றிச் சமன் செய்து போட்டியிலிருந்து வெளியேறியது. ஸாம்பியாவோடும் 1-1 சமன்தான். கடைசிக் கோல் வித்தியாசம் கழித்தல் மூன்றாகவே நின்றது. சமன் ஆனால் எண் நகராது என்று வகுப்பு முன்பே சொல்லியிருந்தது.

இன்று பெரிய செய்தி வேறு. போன வருஷ நான்காம் படிவ அரசுத் தேர்வு முடிவுகள் வந்தன. ஆசிரியர்கள் ஆளுக்கொரு செல்போனில் குனிந்திருந்தார்கள். மொத்தத் தேர்ச்சி நாடு முழுக்க நன்றாக இருக்கிறது. கணக்கில் மட்டும் நான்கில் ஒருவர்தான் தேறியிருக்கிறார், ஏறக்குறைய. முந்தைய வருஷத்தைவிட இது கூடுதல் என்றார் இளைஞர். அறையில் யாரும் வியப்படையவில்லை. கணக்கு என்றால் அப்படித்தான் என்று பழகிப்போயிருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் இந்தப் பிள்ளைகளும் தாளை மடித்து ஆறு கட்டம் காட்டத் தெரிந்தவர்களாகத்தான் வந்திருப்பார்கள்.

மாலையில் கணக்கு ஆசிரியர்கள் மூவரோடு உட்கார்ந்தேன். இரண்டு பத்தித் தாளை மற்ற முதல் படிவப் பிரிவுகளிலும் ஒட்டலாம் என்று அவர்களே சொன்னார்கள். இந்த வருஷ நான்காம் படிவத்துக்குச் சனிக்கிழமைகளில் வாக்கியக் கணக்குக்கென்றே தனி வகுப்பு. முதல் மாதம் நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன், நடத்துவது அவர்கள். வகுப்பில் பிரம்பு இல்லாதது பற்றி அவர்களில் ஒருவர் மட்டும் கேட்டார். வந்து பாருங்கள் என்றேன், திங்கட்கிழமை வருகிறார்.

நாளை 'பி' பிரிவுக்கு முதல் தேர்வு. காகிதம் சிக்கனம் என்பதால் கேள்விகள் பலகையில்தான். பத்துக் கேள்வி. முதல் ஐந்து எண்கள் மட்டும், அடுத்த ஐந்து வாக்கியக் கணக்கு. அந்த ஐந்தையும் இரண்டு தடவை உரக்க வாசிக்கப் போகிறோம். ஆங்கிலத்தில் இளைஞர் வாசிப்பார். சுவாஹிலியில் நான். வீட்டுக்கார அம்மா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான்காவது கேள்வி வரை வந்திருக்கிறோம்.